ஆம் என்கிற பொத்தான்

தெமிர்த்தாவில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
உருக்காலைப் புகை மேலே போக மனமில்லாமல்
கூரைகளிலேயே உட்கார்ந்திருந்தது.
மார்ச் ஒன்றுக்குள் முத்திரை வாங்காத கணினிக்கு
இணையம் கிடையாதென்று அறிவிப்பு.
என் கடை வாசலில் வரிசை.

கம்பளியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து
அம்மை குத்த வந்த பிள்ளைகளைப் போலக்
கொண்டுவந்தார்கள்.
ஒருவர் பேரனின் பனிச்சறுக்கு வண்டியில்
கயிற்றால் கட்டி இழுத்து வந்தார்.

குளிரிலிருந்து வந்த எந்திரத்தை
உடனே எழுப்பக் கூடாது.
வியர்க்கும். உள்ளே ஈரம் கோக்கும்.
முக்கால் மணி நேரம் சும்மா கிடக்கட்டும் என்பேன்.
ஆட்கள் ஒரு பெஞ்சில்,
கணினிகள் எதிர் பெஞ்சில்.
பெண் பார்க்க வந்தவர்கள் போல
இரண்டு பக்கமும் பேச்சில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
போன இலையுதிர் காலத்தில்
தம்பி தஸ்தானின் கல்யாணப் பணம்
ஒரு மின்னஞ்சலைத் திறந்த கையோடு போயிற்று.
மருத்துவமனைத் திரைகள்
மூன்று நாள் செத்துக் கிடந்தன.
நோய் நிஜம். ஊசியும் நிஜம்.
ஊசியோடு உள்ளே போய்
வெளியே வராமல் தங்கிவிடுகிற ஒன்றைப் பற்றி
அறிவிப்பின் பதினான்காம் பத்தி
பொடி எழுத்தில் பேசியது.
பூட்டு நல்ல பூட்டுதான்.
சாவி இரண்டு, அவ்வளவே.

வேலை எளிது. கோப்பை ஏற்றுவேன்.
திரை கேட்கும்:
இதை நம்புகிறீர்களா?
ஆம். இல்லை.
உரியவர்தான் அழுத்த வேண்டுமென்பது விதி.
வரிசை தெருமுனையைத் தொட்டதும்
நானே அழுத்தத் தொடங்கினேன்.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது நம்பிக்கை.
மாலையில் ஆள்காட்டி விரல் வலிக்கும்.

ஷோல்பான் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள்.
அவள் மடிக்கணினியின் கேமரா மேல்
முயல் படம் போட்ட காயப் பட்டை.
"அதை எடுக்கணும்" என்றேன்.
"மறைக்க உங்களிடம் அப்படி என்னம்மா இருக்கு?"
பக்கத்து ஆள் கேட்டார்; கெட்டவர் இல்லை.

"நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டில்
பன்னிரண்டு மணி நேரம்
ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.
இறங்கின பிறகும் வேண்டாம்."

பிறகு என்னிடம்:
"இல்லையை அழுத்தினால்?"
"இணையம் வராது."
"அப்புறம் எதுக்கு அந்தப் பொத்தான்?"

இத்தனை நாளில் அந்தப் பக்கம்
அம்புக்குறியைக்கூட நான் கொண்டுபோனதில்லை.
அழுத்தினாள்.
மணி அடிக்கவில்லை. யாரும் ஓடி வரவில்லை.
திரை அதே கேள்வியைக் கேட்டது.
மறுபடி அழுத்தினாள்.
மறுபடி கேட்டது.
ஏழு முறை.
அதன் பொறுமையைப் பார்த்தபோதுதான்
எனக்குக் குளிர்ந்தது.

மூடினாள். கம்பளியில் சுற்றினாள்.
கணினிக்கு அப்போதுதான் சூடேறியிருந்தது.

முத்திரையிடாததற்குக் காரணம் எழுத
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பழுது. தொலைந்தது. விற்கப்பட்டது.
மனமில்லை என்று ஒரு கட்டம்
அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை.
பழுது என்று குறித்தேன்.

ஏப்ரலில் வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு.
இளம் குரல், மரியாதையான குரல்.
"உங்கள் கணக்கில் ஒரு பழுது நிற்கிறது.
சரியாகிவிட்டதா?"

ஜன்னலுக்கு வெளியே பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது.
தூரத்தில் கிரேன் ஒன்று
எதையோ தூக்கி, நிதானமாகத் திரும்பி,
இறக்கி வைத்தது.

"இல்லை" என்றேன்.
"இன்னும் அப்படியேதான் இருக்கிறாள்."

"இருக்கிறாளா?"

"இருக்கிறது" என்று திருத்தினேன்.

ஒரு மூச்சு நேரம் இரு முனையிலும் சத்தமில்லை.
பிறகு அவன் விசைப்பலகையில்
எதையோ தட்டுவது கேட்டது.
ஒரு சொல்லுக்கு அது
கொஞ்சம் அதிக நேரம்.